அக்கா அடிச்ச பந்து எங்க போச்சு?

நான் முடி வெட்டுற கடையில வேலை பார்க்கிறவ. வாய் கூசாம பொய் சொல்றது எங்க தொழில்ல பாதி. தலையைக் கோழி கிளறின மாதிரி வெட்டி வச்சுட்டு, "உங்க முகத்துக்குன்னே அமைஞ்சிருக்கு மேடம்"னு சிரிச்ச முகமா அனுப்பியிருக்கேன். அப்பேர்ப்பட்டவளால கூடப்பிறந்த அக்காகிட்டச் சொன்ன ஒரு பொய்யைக் கட்டிக்காக்க முடியல, பாருங்க.

அக்கா பஸ் ஓட்டினவ. கொஞ்சம் கொஞ்சமா கண்ணு மங்கி, இப்ப வெளிச்சம் எது, இருட்டு எதுங்கிறது மட்டும்தான் தெரியுது. டாக்டர் அவளை வெளியே உட்கார வச்சுட்டு, என்னையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, "பார்வை இனி திரும்பாது"ன்னு சொல்லிட்டார். "அவகிட்டச் சொல்லிடாதேடி, தாங்க மாட்டா"ன்னு அம்மா அங்கேயே சத்தியம் வாங்கிட்டாங்க. "சொட்டு மருந்து விட்டா சரியாயிடுமாம்"னு அக்காகிட்டச் சொன்னது நான்தான்.

அன்னையிலேர்ந்து மணி தவறாம மருந்தை விட்டுக்கிட்டு, "எப்ப டூட்டிக்குப் போகலாமாம்?"னு கேட்டுக்கிட்டே இருக்கா. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அவ மேல இல்ல, என் மேலதான்.

போன ஞாயித்துக்கிழமை பரண்ல கிடந்த பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கினேன். சின்ன வயசுல எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு கேசட், பேஸ்பால். அந்த ஆட்டத்தை நாங்க நேர்ல ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. சட்டதிட்டமெல்லாம் சண்டை போட்டுப் போட்டு நாங்களே கத்துக்கிட்டது.

"எனக்கு எதுக்குடி இது? கண்ணு சரியாகட்டும், அப்புறம் ஆடலாம்."

"காதுக்கு என்ன கேடு? பிடிக்கா"ன்னு ஜாய்ஸ்டிக்கைக் கையில திணிச்சேன்.

அதுல பந்து எறிஞ்சா ஒரு விசில் வரும். வேகப்பந்துன்னா வெடுக்குன்னு முடிஞ்சிடும், மெதுவான பந்துன்னா இழுக்கும். விசில் முடியுற நேரம் பட்டனை அழுத்தினா பேட்டுல படும். நான் மெதுவாவே எறிஞ்சேன். அக்கா முதல் பந்தைத் தவறவிட்டுட்டா, ரெண்டாவதை அடிச்சுட்டா. மூணாவது பந்துக்குப் பட்டனைத் தொடவே இல்ல.

"என்னடி, பிச்சை போடுறியா?"

"இல்லக்கா, கை வழுக்கிருச்சு."

"மூணு தடவையுமா? விசில் ஊரைச் சுத்திட்டு வருது. எனக்குக் கண்ணுதான் தெரியல, காது கேட்கும். ஒழுங்கா எறி, இல்லேன்னா எழுந்து போ."

எனக்கும் ரோஷம் வந்துடுச்சு. வாங்கிக்கோன்னு வேகப்பந்தாப் போட்டுத் தள்ளினேன். அவளோட ஆளுங்க ஒவ்வொருத்தனா அவுட்டாகி வெளியே போனாங்க. அவ விடல. உதட்டைக் கடிச்சுக்கிட்டு, தலையை ஒருபக்கமாச் சாய்ச்சுக் கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில 'டக்'குன்னு பட்டுச்சு. பந்து மேல மேல போச்சு, கூட்டம் ஓன்னு கத்துச்சு. வேலியைத் தாண்டினாலும் சரி, எவனாவது பிடிச்சாலும் சரி, அந்தக் கேம்ல கூட்டம் ஒரே மாதிரிதான் கத்தும்.

அக்கா எழுந்தே நின்னுட்டா. "எங்கடி போச்சு? வெளியிலயா?"

வேலி ஓரமா ஒருத்தன் ஓடிவந்து பிடிச்சுட்டான். அவ முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாச்சு! 'வெளியே போயிடுச்சு'ங்கிறது நுனிநாக்குல நிக்குது. சொன்னா என்ன, குடியா முழுகிடும்?

"பிடிச்சுட்டான்க்கா. அவுட்டு."

"அடப்பாவி!"ன்னு தொடையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. சிரிச்சு முடிச்சு, தடவித் தடவி உட்கார்ந்தா.

"கடைசியில ஒரு நிஜம் சொன்னியே, மகராசி. இந்த வீட்ல இப்ப எல்லாரும் என்கிட்டப் பச்சைப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரிதான் சொல்றீங்க." ஜாய்ஸ்டிக்கைக் கீழே வச்சா. அப்புறம் சொன்னா: "அன்னைக்கு டாக்டர் உள்ளே கூப்பிட்டு என்ன சொன்னார்? அதையும் இதே மாதிரி சொல்லு."

சமையலறையில அம்மா பாத்திரம் உருட்டுற சத்தம் கேட்டுச்சு. சத்தியமாவது ஒண்ணாவது.

"திரும்பாதாம்க்கா."

அவ்வளவுதான் சொன்னேன். அழுதது நான்தான், அவ இல்ல. கையைத் துழாவி என் தலையைக் கண்டுபிடிச்சு, இழுத்து மடியில வச்சுக்கிட்டா.

"லூசு, இவ்வளவு நாளா இதை மனசுக்குள்ளேயேவா சுமந்தே?"ன்னு என் முடியைக் கோதிவிட்டா.