ஹாஜியாரின் கம்பில் துணி இல்லை

முந்தலுக்கு மேற்கே, கடலோரக் களப்பிலிருந்து பிரிந்து வரும் வாய்க்கால் ஒன்றை நம்பி நாலு இறால் பண்ணைகள் இருந்தன. தலைமாட்டில் நூஹு ஹாஜியாருடைய பெரிய பண்ணை, அடுத்தது தோமஸுடையது, அதற்கடுத்தது முபாறக்குடையது, வால்மாட்டில் பாக்கியம்மாவின் ஒற்றைக் குளம். நாலு பேருக்கும் ஒரே தண்ணீர்தான். ஒருவன் குளத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து, அவன் அந்தத் தண்ணீரை வாய்க்காலில் திறந்து விட்டானோ, கீழே இருப்பவனின் கதை முடிந்தது.

அதனால் அந்த வாய்க்காலில் ஒரு வழக்கம் இருந்தது. நோயைக் கண்டவன் தன் மதகடியில் நட்டிருக்கும் கம்பில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். மதகை மண் போட்டு அடைத்து, குளோரின் போட்டு, நோய் சாகும்வரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது. துணியைக் கண்டால் மற்றவர்கள் தண்ணீர் எடுக்க மாட்டார்கள். இறால் வாங்க வரும் லொறியும் அந்தப் பண்ணைப் படலை வாசலில் நிற்காமல் போய்விடும். சங்கடமே அங்கேதான். துணி கட்டுகிறவன் தன் சோற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறான். என்றாலும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். இல்லாவிட்டால் அந்த வாய்க்காலில் எவனும் பிழைத்திருக்க முடியாது.

முபாறக்குக்கு இந்தத் தடவை குளம் தப்பவே கூடாது. கட்டாரில் இளமையைக் கரைத்துவிட்டு வந்தவன் அவன். வந்து இறங்கிய அன்று அவனுடைய மகள் அவனைக் கண்டு வீரிட்டுக்கொண்டு உம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். ஆசை ஆசையாய் வாங்கி வந்த சிவப்புச் சட்டை அவளுடைய தோளுக்கே ஏறவில்லை. அவன் நினைப்பில் பிள்ளை இன்னும் தவழ்ந்துகொண்டல்லவா இருந்தாள். அன்றைக்கே இனிப் போகமாட்டேன் என்று மனைவி ஸஃப்னாவிடம் வாக்குக் கொடுத்தான். அவள் அவனுடைய கடவுச்சீட்டை அலுமாரியின் மேல்தட்டில் போட்டுப் பூட்டினாள். கொண்டுவந்ததெல்லாம் குளத்துக்குள் இறங்கியது. இறால் தேறினால் அவன் இங்கே இருப்பான், தேறாவிட்டால் திரும்பவும் கட்டார்தான்.

அந்தச் சட்டையை ஸஃப்னா வரம்பு ஓரத்துக் கொட்டிலில் தொங்கவிட்டாள். பண்ணை என்றால் ஒரு சிவப்புத் துணி கைக்கெட்ட இருக்க வேண்டுமே. "இதுக்கெண்டாலும் உதவட்டும்" என்று சிரித்தவள், உடனே முகம் மாறி, உதவாமலே கிடக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டாள்.

மழை பொய்த்த மாதம். வெயில் குளத்துத் தண்ணீரைக் குடித்து உப்பை ஏற்றிக்கொண்டிருந்தது. இறால்கள் மூச்சுக்காக மேலே வரத் தொடங்கின. இனியும் புதுத் தண்ணீர் எடுக்காமல் இருக்க ஏலாது என்று முபாறக் மதகடிக்குப் போன காலையில்தான் தோமஸின் கம்பில் சிவப்புத் துணி ஆடியது.

தோமஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காத மனிதன். பொழுது சாய்ந்தால் கசிப்புச் சாராயம், வாயைத் திறந்தால் தூசணம். உயிரோடு குத்துக்கல்லாய் இருக்கிற மாமியாருக்குச் சாவீடு என்று சொல்லி எத்தனையோ கலியாணங்களுக்குப் போகாமல் தப்பியவன். அவன் இப்போது வரம்பில் குந்தியிருந்து, தண்ணீர் எடுக்காதே, ஹாஜியார் நோய்த் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டார் என்று சொன்னான். ஹாஜியாருக்குக் கொடுத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது.

முபாறக்குக்குக் காது கூசியது. தன் குளத்து நோய்க்கு ஆள் தேடுகிறான் இந்த வெறிகாரன் என்று நினைத்தான். தோமஸுக்குக் கசிப்பு வந்துகொண்டிருந்த இடத்தைப் பொலிசுக்குச் சொல்லி மூடவைத்தவர் ஹாஜியார்தான். அந்தக் கோபக் காய்ச்சல் அவனுக்கு இருக்கும்தானே. அதைவிட, ஹாஜியாரின் கம்பில் துணி இல்லை. தோமஸின் மதகோ மண் போட்டு அடைத்துக் கிடந்தது. அப்படியானால் வாய்க்காலில் ஓடுவது நல்ல தண்ணீராகத்தான் இருக்க வேண்டும்.

என்றாலும் மனம் கேட்கவில்லை. அஸர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனவன் ஹாஜியாரிடமே கேட்டுவிட்டான்.

நூஹு ஹாஜியார் என்றால் அவனுக்கு வெறும் பக்கத்துப் பண்ணைக்காரர் இல்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களெல்லாம் உடுத்த உடுப்போடு விரட்டப்பட்டு வந்தபோது முபாறக் கைக்குழந்தை. தன் தென்னந்தோட்டத்தைத் திறந்துவிட்டு, கிணற்றைக் காட்டி, அரிசி மூட்டையை அவிழ்த்தவர் ஹாஜியார். சண்டை முடிந்து ஊரைப் பார்க்கப் போய்க் காட்டை மட்டும் கண்டு திரும்பிய வாப்பா, அந்த மனிசன் இல்லாட்டி நாங்க இல்ல மவன் என்று மௌத்தாகும்வரை சொன்னார். ஹாஜியார் ஒரு வக்துத் தொழுகையும் தவறாதவர். நெற்றியில் ஸுஜூதில் நிலம் தொட்டுத் தொட்டு விழுந்த தழும்பு, கையில் தஸ்பீஹ் மணி.

"என்ட குளத்தில நோய் ஒண்டும் இல்ல, தம்பி. மதகும் மூடித்தான் கிடக்கு. அல்லாஹ்ட காவல்" என்றார் ஹாஜியார்.

அதற்குமேல் என்ன வேண்டும்? முபாறக் வந்த கையோடு மதகுப் பலகையைத் தூக்கினான். தண்ணீர் குளுகுளுவென்று இறங்கியது. ஸஃப்னாவையும் பிள்ளையையும் கூப்பிட்டு வரம்பில் நிற்கவைத்துக் காட்டினான்.

அந்தக் கிழமை ஏழு நாளும் முடியவில்லை, கரையோரம் இறால்கள் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்து ஒதுங்கின. ஒன்றைக் கையில் எடுத்து ஓட்டை உரித்து வெயிலில் பிடித்தான். வெள்ளைப் புள்ளிகள். சுண்ணாம்பு தெளித்த மாதிரி. அவனுக்கு ஆத்திரம் வந்தது. நேரே தோமஸின் பண்ணைக்குள் பாய்ந்து, உன் நோய்தான் என் குடும்பத்தைக் கெடுத்தது என்று அவன் சட்டையைப் பிடித்தான்.

தோமஸ் திட்டவில்லை. அதுவே முதல் அதிசயம். வீச்சுவலையை எடுத்துத் தன் குளத்தில் எறிந்து இழுத்து அவன் காலடியில் கொட்டினான். இறால்கள் துள்ளின. ஓடெல்லாம் கண்ணாடி. ஒன்றிலும் புள்ளி கிடையாது.

முபாறக் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நோயில்லாதவன் துணி கட்டுவானா? கண்ணுக்கு முன்னாலேயே லொறி இவனை விட்டுவிட்டுப் போகவில்லையா? விற்க வேண்டிய இறால் குளத்திலேயே கிடந்து தீன் தின்றுகொண்டிருக்கிறதே. பேய் அறைந்தவன் மாதிரி, பிறகு ஏன் கட்டினாய் என்று கேட்டான்.

"கீழ இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேறெங்க கட்டுறது? அந்தாள்ட கம்பில ஏறினா கள்ளனெண்டு பிடிச்சுக் குடுப்பார். எனக்கிருக்கிறது என்ட கம்புதானே." தோமஸ் இறால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பக் குளத்தில் போட்டான். "பொய் சொல்லுவன் தம்பி, கனக்கச் சொல்லுவன். தண்ணியில சொல்லமாட்டன். நீ போய் அவர்ட குளத்தப் பார்."

முபாறக் வாய்க்கால் ஓரமாகவே போனான். தோமஸ் சொல்வது பொய்யாக இருக்க வேண்டும் என்று வழி முழுக்க துஆக் கேட்டுக்கொண்டு போனான். ஹாஜியாரின் குளங்களில் தண்ணீரே இல்லை. சேறு வெடித்துக் கிடந்தது. சேற்றில் செத்த இறால்களின் ஓடுகள், வெள்ளை வெள்ளையாய். காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன. நோய் கண்டதுமே அவசர அவசரமாய் வலை இழுத்து, ஏற்ற முடிந்ததை லொறியில் ஏற்றி, மிச்சத்தைத் தண்ணீரோடு வாய்க்காலுக்குள் தள்ளியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்துவிட்டு, அந்தக் கையாலேயே தஸ்பீஹ் மணியை உருட்டியிருக்கிறார்.

ஹாஜியார் கொட்டிலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அவனைக் கண்டதும் எழுந்து ஸலாம் சொன்னார். என்னிடம் பொய் சொன்னீர்களே என்று கேட்கத்தான் முபாறக் வாயைத் திறந்தான். வாப்பாவின் முகம் நினைவில் வர, காய்ந்த குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் பார்வை போன இடத்தை ஹாஜியாரும் பார்த்தார்.

"நான் பொய் சொல்லல்ல, தம்பி. நீங்க கேட்ட நேரம் என்ட குளத்தில நோய் இல்ல. இறாலே இல்லியே" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "எல்லாம் கத்ர், அல்லாஹ்ட விதி. ஸபூர் செய்ங்க, பொறுமையா இரிங்க. கட்டார்ல என்ட மருமவன் இரிக்கார், விசாவுக்கு நான் கதைச்சுத் தாறன்."

பிறகு அந்த மனிதர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்யப் போனார். அதுதான் முபாறக்கை உலுக்கியது. அவர் நடிக்கவில்லை. உண்மையாகவே ஆறுதல் சொன்னார், உண்மையாகவே தொழப் போகிறார். அரிசி மூட்டையை அவிழ்த்ததும் இந்தக் கைதான், மதகைத் திறந்ததும் இதே கைதான். எப்படி இரண்டும் ஒரு உடம்பில் இருக்கும்?

திரும்பி வரும்போது அவன் மனம் தன்பாட்டில் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. பாதி இறால் இன்னும் உயிரோடு இருக்கிறது. நாளைக் காலை வலை இழுத்தால் லொறி எடுக்கும். நட்டப்பட்டாலும் இன்னொரு தரம் குஞ்சு விடலாம், இங்கேயே இருக்கலாம். ஆனால் கம்பில் துணி இருந்தால் லொறி நிற்காது. ஒரே ஒரு நாள்தானே, அல்லாஹ் மன்னிப்பவன். துணி கட்டாமலே வரம்பில் குந்தினான்.

அப்போதுதான் வால்மாட்டிலிருந்து பாக்கியம்மா வந்தாள். புருசனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அந்த ஒற்றைக் குளத்தோடு காலம் தள்ளும் மனுசி. தன் குளத்தில் தண்ணீர் வற்றி இறால் முதுகு தெரிகிறது, தோமஸ் எடுக்காதே என்று கத்துகிறான், அவன் பேச்சை யார் நம்புவது என்று அலுத்துக்கொண்டாள்.

"நீங்க தொழுற ஆள், தம்பி. நீங்க சொன்னாத் திறக்கிறன். உங்கட பக்கம் தண்ணி நல்லந்தானே?"

"ஓம் அக்கா. என்ட குளத்தில நோய் ஒண்டும் இல்ல. அல்லாஹ்ட காவல்" என்றான் முபாறக்.

சொன்னவன் அவன்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. திக்கவில்லை, குரல் நடுங்கவில்லை. ஹாஜியாரின் வார்த்தை அப்படியே அவன் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்திருந்தது. பாக்கியம்மா நெஞ்சில் சிலுவை போட்டு, அந்தோனியார் காப்பாற்றினார் என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். நெஞ்சு குளிர்ந்துபோய் நடந்தாள் பாவி மனுசி. அவள் குனிந்து தன் மதகுப் பலகையில் கை வைப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"அக்கா, திறக்காதீங்க. நான் சொன்னது பொய்" என்று கத்தினான். கத்திக்கொண்டே ஓடினான்.

அவள் பலகையில் வைத்த கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பான்.

"நீங்களா, தம்பி?" என்று மட்டும்தான் கேட்டாள்.

அவன் திரும்பி நடந்தான். கொட்டிலுக்குப் போய் ஆணியில் தொங்கிய சின்னச் சிவப்புச் சட்டையை எடுத்தான். பூ வேலைப்பாடு வைத்த அதன் கையிரண்டையும் கம்பில் சுற்றி இறுக்கி முடிந்தான். காற்று அதற்குள் புகுந்து, பிள்ளை ஒன்று அதைப் போட்டிருப்பது போல ஊதியது. தோமஸ் தன் வரம்பில் எழுந்து நின்று பார்த்தான். தூசணம் ஒன்றும் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் தெருவில் லொறி வந்தது. படலைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, கம்பைப் பார்த்துவிட்டு, நிற்காமல் போனது.

ஸஃப்னா வீட்டு வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் கம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கிட்டப் போய்ச் சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்குள் பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பிள்ளை இந்த முறை அழவில்லை, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உள்ளே கடவுச்சீட்டுக் கிடந்த அலுமாரியின் பூட்டுத் திறக்கும் சத்தம் கேட்டது.