கத்திரிக்கு இடமில்லாத படம்

அந்த மின்வாரிய அலுவலகத்தில் தலைமைப் பொறியாளருக்குக் கத்திரி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எந்த வரைபடம் அவர் மேசைக்குப் போனாலும், செலவைக் குறைக்கிறேன் என்று எதையாவது வெட்டாமல் திரும்பி வராது. ஒருமுறை கழிப்பறையின் ஜன்னலை வெட்டினார். இன்னொருமுறை மாடிப்படியை வெட்டினார். மாடி மட்டும் அப்படியே இருந்தது. படியைக் கெஞ்சித் திரும்ப வாங்கினார்கள்.

புது சப்ஸ்டேஷன் படத்தில் அவர் வெட்டியது கப்ளரை.

அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய இன்ஜினியர் அவள். படத்தை விரித்ததும் குறை முதலில் கண்ணில் படவே இல்லை, அவ்வளவு அழகாக இருந்தது. தண்டவாளம் போல இரண்டு பஸ்பார்கள், அலுவலகப் பேச்சில் வெறும் பஸ், பக்கம் பக்கமாக ஓடின. வெளியிலிருந்து வருகிற மின்சாரம் வந்து சேர்வதும், ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் குடிநீர் பம்புகளுக்கும் பிரிந்து போவதும் அந்தத் தடித்த அலுமினியக் குழாய்களில்தான். ஒன்றைப் பழுது பார்க்கும்போது எல்லா லைன்களையும் மற்றதுக்கு மாற்றிவிடலாம். ஊரில் ஒரு விளக்கும் சிமிட்டாது. ஆனால் அதற்கு இரண்டையும் சேர்க்கிற பாலம் ஒன்று வேண்டும். அந்தப் பாலம்தான் கப்ளர். அது இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக் காகிதம் ஒன்றும் தெரியாதது போல இருந்தது.

"பாத்தீங்களாக்கா, இரட்டை பஸ். திறப்பு விழா அழைப்பிதழ்லயே போடப் போறாங்களாம்" என்றான் படத்தை வரைந்தவன். தினமும் இஸ்திரி கலையாத சட்டையில் வருவதால் அவனுக்குப் புதுமாப்பிள்ளை என்று பேர்.

"கப்ளர் எங்கப்பா?"

"பெரியவர் எடுத்துட்டார். பின்னாடி பாத்துக்கலாம்னார்."

"பின்னாடின்னா எப்போ?"

"பின்னாடிக்கு ஏதுக்கா தேதி."

பாலம் இல்லாவிட்டால் ஒரு லைனை மாற்ற ஒழுங்கான வழி, முதலில் பிரேக்கர் என்கிற பெரிய சுவிட்சைத் திறந்து அதை அணைப்பது. அவசரக்காரன் அணைக்க மாட்டான். நேரே போய், லைனைப் பஸ்ஸோடு இணைக்கிற ஐசொலேட்டரின் கைப்பிடியைச் சுற்றுவான். ஓடுகிற மின்சாரத்தை வெட்ட ஐசொலேட்டருக்குத் தெம்பு கிடையாது. தலைக்கு மேல் நெருப்பு வில்லாக வளையும். கைப்பிடியைப் பிடித்திருக்கிறவன் அந்த வில்லுக்கு நேர் கீழே நிற்பான்.

அங்கே நிற்கப் போகிறவன் அவள் கணவன்.

அவன் எங்கோ தொலைவில் ஒரு சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் குடித்தனம் பெரும்பாலும் போனில்தான் நடந்தது. கத்திரி தெளிவாகவே சொல்லியிருந்தார்: இந்த வாரம் படம் கையெழுத்தானால் புது சப்ஸ்டேஷனில் முதல் இடம் அவள் வீட்டுக்காரருக்கு, குவார்ட்டர்ஸோடு. அன்றைக்கு அவள் மனசுக்குள்ளேயே அந்த குவார்ட்டர்ஸின் சமையலறைக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் கேட்டாள்: "கையெழுத்து போட்டாச்சா?"

"இல்ல அத்தை."

"கூரியர்காரனுக்குப் பாக்காமலே போடறியே. அது மாதிரி ஒண்ணு போட்டுட்டு வர்றதுக்கு என்ன? என் பிள்ளையை நான் கண்ணால பாத்து எவ்வளவு நாளாச்சு."

ராத்திரி அவள் எல்லாவற்றையும் சொன்னதும் போனில் கணவன் சிரித்தான். "இன்ஜினியரம்மாவுக்கு வணக்கம். போட்டுத் தொலையேன். நான் லைனை அணைக்காம கைப்பிடியைத் தொட மாட்டேன். போதுமா?"

"தொடுவ."

"சத்தியமா மாட்டேன்."

"ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிடுவாங்க. ஆபரேஷன் நடந்துட்டிருக்கு, ஒரு நிமிஷம்கூட நிறுத்தாதீங்கம்பாங்க. அப்போ?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நம்ம கல்யாண மேடையிலேருந்து எழுந்து போய் ஜெனரேட்டரை ரிப்பேர் பண்ணினவன் நீ."

"அது உண்மை. புதுச் சட்டை பூரா டீசல். போட்டோவுல பாதியில இவனையே காணோம்" என்றாள் மாமியார் உள்ளேயிருந்து.

"சரி, என்னதான் செய்யப் போற?" என்றான் அவன்.

"வேற படம் போடறேன். ஒத்தை பஸ்."

"ஒத்தையா? சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டும்."

மறுநாள் கூட்டத்தில் சிரிக்கத்தான் செய்தார்கள். கத்திரி தேநீரை ஆற்றிக்கொண்டே அவள் படத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்மா, பக்கத்து ஊர்லயே இரட்டை போட்டாச்சு. நாம ஒத்தையில நிக்கணுமா?"

"ஒத்தைதான் சார். ஆனா நடுவுல ஒரு பிரேக்கர் வெச்சு ரெண்டு பாதியா பிரிச்சிருக்கேன். ஆஸ்பத்திரிக்கு இந்தப் பாதியிலேருந்து ஒரு லைன், அந்தப் பாதியிலேருந்து ஒரு லைன். பம்புக்கும் அப்படியே. ஒரு பாதியை நிறுத்தி வேலை பாத்தா ஊர்ல கொஞ்சம் இருட்டாத்தான் இருக்கும், இல்லேன்னு சொல்லல. ஆனா எந்த லைனையும் பஸ் மாத்த வேண்டாம். யாரும் கைப்பிடியைப் பிடிச்சு நின்னு சாக வேண்டாம்."

கத்திரியின் பேனா தன்னாலேயே படத்தின் நடுவுக்கு நகர்ந்தது. பழக்கதோஷம். "சரி, இந்த நடு பிரேக்கரை மட்டும் எடுத்துட்டா?"

"எடுத்துப் பாருங்க சார். பஸ் ரெண்டு துண்டா நிக்கும். படம் பாக்கத் தெரியாதவங்ககூட நடுவுல என்னமோ காணோமேன்னு கேப்பாங்க. இரட்டை பஸ்ஸுல கப்ளரை எடுத்தா ஒருத்தருக்கும் தெரியாது. அழைப்பிதழுக்கும் நல்லா இருக்கும். அதனாலதான் நான் இதைத் தேர்ந்தெடுத்தேன். இதுல கத்திரிக்கு இடமில்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. புதுமாப்பிள்ளைக்குப் புரையேறி, இஸ்திரி கலையாத சட்டையில் முதன்முதலாகத் தேநீர் சிந்தியது.

"நான் வெட்டலேன்னா எனக்கு மேல இருக்கிறவன் வெட்டுவான்மா" என்றார் அவர் மெதுவாக. "நானாவது கத்திரி. அவன் கோடாலி." அவருக்கு அந்தப் பேர் தெரியும் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

பிறகு இரட்டை பஸ் படத்தின் மூலப் பிரதியை அவள் பக்கம் தள்ளினார். "சரிபார்த்தவர்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. கையெழுத்தைப் போடு. இல்லேன்னா உன் வீட்டுக்காரர் இருக்கிற இடத்துலயே கிடப்பார்."

சுண்ணாம்பு அடித்த சமையலறை ஒரு நொடி அவள் கண்முன் வந்து நின்றது. ஜன்னலோரம் அவன் நின்று எதையோ தின்றுகொண்டிருந்தான். அவள் பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் எழுதினாள்: சரிபார்த்தேன். சரியில்லை. கப்ளர் இல்லாமல் இதைக் கட்டக் கூடாது. கீழே முழுக் கையெழுத்து.

"அது மூலப் பிரதிம்மா."

"தெரியும் சார்."

கத்திரி புதுமாப்பிள்ளையைப் பார்த்தார். "நீ வேற பிரதி எடு. சரிபார்த்தவர்ல நீயே போடு."

அவன் சட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க ஒன்றுமில்லாத இடத்தையும் துடைத்தான். "நான் வரைஞ்சவன் சார். வரைஞ்சவனே சரிபாக்க விதியில்லையே" என்றான், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

கத்திரி எழுந்து போனார். ஒத்தை பஸ் படத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. பேனாவால் ஒரு கோடும் இழுக்கவில்லை. அது மேசையிலேயே முழுசாகக் கிடந்தது.

"ஒரு கையெழுத்து போட மாட்டியா நீ?" என்றாள் மாமியார் அன்று சாயங்காலம்.

"போட்டேன் அத்தை. மேல ரெண்டு வரி சேத்து எழுதினேன்."

"உன் கைக்கு எழுதறதுக்கு வேற இடமா கிடைக்கல." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் போன் அடித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு மாற்றல் வராது. படத்து மேலயே எழுதிட்டேன்" என்றாள் அவள் கணவனிடம், அவன் வணக்கம் சொல்வதற்கு முன்பே.

"என்ன எழுதின?" என்றான் அவன். அவள் சொன்னாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

சத்தமாகச் சொன்னாள். நாளைக்குக் கேட்டாலும் இதையேதான் எழுதுவேன் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அவன் சிரிக்க ஆரம்பித்தபோது அந்தப் பக்கம் இன்னொரு போன் அடித்தது.

"லைன்ல மரக்கிளை விழுந்திருக்காம். போறேன்."

"முதல்ல பிரேக்கரைத் திற."

"தெரியும்டி."

போனைத் துண்டிக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனான். மருமகளும் மாமியாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். காலடிகள் போயின. பிறகு தூரத்தில், கனத்த இரும்புக் கதவை அடித்துச் சாத்தியது போல, பிரேக்கர் திறக்கிற சத்தம் கேட்டது.