பதினான்காம் படி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் குறிப்பக்கா. அவளைவிட ஆறு வயது மூத்த, முன்மண்டை முழுக்க வழுக்கையான சோதனைக்காரர்கூட வாய் கூசாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேலை செய்யும் முறையை எழுதி வைப்பது அவள் வேலை. எழுதி வைத்ததைப் படிக்காமல் அவளிடமே வந்து கேட்பது மற்றவர்கள் வேலை.

அங்கே நடந்த தொழில் இதுதான். லிஃப்ட் மோட்டார் போடும் சத்தத்தைக் கேட்டே அது எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்லும் கணினி மாடல்கள் அவர்களிடம் இருந்தன. மகா கெட்டிக்கார மாடல்கள், ஆனால் உடம்பு பெருத்தவை. லிஃப்டுக்குள் பொருத்தும் தீப்பெட்டி அளவுக் கருவியில் நுழையாது. அதனால் வேண்டாத இணைப்புகளை வெட்டி, நீள நீளமான எண்களைக் குட்டையாக்கி, புத்தி மழுங்காமல் சுருக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது பெட்டியில் துணியைத் திணித்து, மேலே ஏறி உட்கார்ந்து மூடுகிறோமே, அந்த மாதிரி.

அவள் கணவர் கப்பலில் இன்ஜினியர். பதினொரு மாதம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறார், இருபத்தைந்து நாள் இருப்பார். அந்த இருபத்தைந்து நாளும் அவளுக்கு வேண்டும். ஒன்றுகூடக் குறையக் கூடாது.

"இருபத்தஞ்சு நாளா? நீங்க இல்லாம இங்க ஒரு துரும்பு அசையுமாம்மா?" என்றார் மேலாளர். "பத்து நாள் தரேன். அதுவும் கையேட்டைப் புதுப்பிச்சுக் குடுத்துட்டுத்தான். யார் படிச்சாலும் வேலை முடியணும்."

"அப்படி முடிஞ்சுட்டா மீதி பதினஞ்சு நாள், சார்?"

"அப்போ பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். இதுகூடவா அவளுக்குத் தெரியாது?

மறுநாள் காலை கையேட்டோடு சோதனைக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பதின்மூன்று படி வரை எல்லாம் சரி. திரையில் 'முடிந்தது' என்று வந்ததும் அவர் எழுந்தார், கூடத்தின் அந்தக் கோடி வரை நடந்தார், மூன்றாம் மேசை மேல் இருந்த பிரிண்டர் முன் குனிந்து, "சுருக்கியாச்சு சார்" என்றார். திரும்பி வந்து பதினைந்தாம் படியைத் தொடங்கினார்.

"யார்கிட்ட சொல்லிட்டு வரீங்க?"

"மூணாம் மேசைக்கு."

"அது பிரிண்டர்."

"எனக்குக் கண்ணு தெரியும்கா. பதினாலாம் படியில போட்டிருக்கே."

போட்டிருந்தது. போட்டவள் அவள்தான். மூன்றாம் மேசைக்காரர் வேலையை விட்டுப் போய் நான்கு வருஷமாகிறது. வெட்கம் பிடுங்கித் தின்ன, அந்த வரியை அடித்தாள். அடுத்த மாடலை யாரிடமும் சொல்லாமல் சோதித்தார்கள். வழக்கமாக நூறு பழுதில் தொண்ணூற்றாறைப் பிடிக்கிற மாடல், ஐம்பத்தெட்டைப் பிடித்துவிட்டுப் பேந்தப் பேந்த விழித்தது. வரியைத் திரும்பச் சேர்த்தாள், தொண்ணூற்றாறு. அடித்தாள், ஐம்பத்தெட்டு.

கடைசியில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துப் பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. திரை 'முடிந்தது' என்று சொன்ன பிறகும் மாடல் முழுசாகச் சேமிக்கப்பட ஒன்றே முக்கால் நிமிடம் பிடித்தது. பிரிண்டர் வரை போய்வர இரண்டு நிமிடம். நடக்காவிட்டால் அரைகுறை மாடலைத்தான் சோதிப்பார்கள். இதைச் சரிசெய்ய வேண்டிய புரோகிராமர் மூன்று வருஷமாக அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

'இரண்டு நிமிடம் காத்திருக்கவும்' என்று எழுதிப் பார்த்தாள். சோதனைக்காரர் பதினோரு விநாடி காத்திருந்துவிட்டு, ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு என்று சத்தியம் பண்ணினார். வேறு வழியில்லாமல் உண்மையை எழுதினாள்: 'பிரிண்டரிடம் சொல்லிவிட்டு வரவும்.'

மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "அடுத்த வாரம் தணிக்கைக்கு வராங்கம்மா. மெஷின்கிட்டப் பேசுறோம்னு தெரிஞ்சா கைகொட்டிச் சிரிக்க மாட்டாங்க?" பிரிண்டரைக் கிடங்குக்கு அனுப்பினார். தன் பேனாவால் அந்த வரியையும் மாற்றினார்: 'குறிப்பக்காவிடம் சொல்லவும்.' அவள் இடம் மூன்றாம் மேசைக்கு அடுத்த ஜன்னலோரம்தான். தூரத்தில் மாற்றமில்லை.

"நான்தான் லீவாச்சே, சார்?"

"போன் எதுக்கு இருக்கு? பண்ணுவாங்க."

கணவர் வந்தார். அவள் போனைக் குளியலறை வரை கொண்டுபோனாள். முதல் நாள் மணி அடிக்கவில்லை, நிம்மதி. நான்காம் நாள் அவர் போனிலிருந்து தன் போனுக்கு அடித்து, உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்த்தாள். ஏழாம் நாள் கோபமே வந்துவிட்டது.

"போன் வரக்கூடாதுன்னு நீதானே வேண்டிக்கிட்டே?" என்றார் கணவர்.

"வேண்டிக்கிட்டா? பத்து வருஷம் மாடா உழைச்சிருக்கேன். மரியாதைக்கு ஒண்ணாவது வர வேண்டாமா?"

பதினோராம் நாள் உர்ரென்று அலுவலகம் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் அந்தக் கோடியிலிருந்து சோதனைக்காரர், "அக்கா, சுருக்கியாச்சு!" என்று குரல் கொடுத்தார். "சரி" என்றாள். ஐம்பத்தெட்டு.

மேலாளர் பதறிக்கொண்டு ஓடி வந்தார். "பத்து நாள்ல மூணு மாடல், மூணும் தொண்ணூத்தாறு! இன்னைக்கு என்ன கேடு?"

"அக்கா இல்லாதப்போ நாற்காலிகிட்ட நடந்து போய்ச் சொல்லுவேன். இங்கேருந்து காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினா பைத்தியக்காரன்னு நினைப்பாங்களே," என்றார் சோதனைக்காரர். "இருந்தா உட்கார்ந்த இடத்துலேருந்தே சொல்லிடலாம்."

மேலாளர் அவளைப் பார்க்காமல் சொன்னார்: "கொஞ்சம் வெளியே நில்லுங்கம்மா."

அரைமணி நேரம் நின்றாள். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. சோதனைக்காரர் நடந்து வந்தார். காலி நாற்காலி முன் குனிந்து, அவளிடம் ஒருநாளும் காட்டாத பணிவோடு சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"தொண்ணூத்தாறு!" என்று வெளியே வந்தார் மேலாளர்.

"பார்க்கலாம்னீங்களே சார். பார்த்துட்டோம்." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "பதினஞ்சு நாள் கழிச்சு வரேன்."

"தாராளமா போயிட்டு வாங்கம்மா," என்றார் அவர். "நாற்காலியை மட்டும் யாரும் நகர்த்தாம நான் பார்த்துக்கறேன்."

வாசலுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டாள். "லீவு கிடைச்சுடுச்சு."

"அட! உன் வேலையை யார் பார்ப்பா?"

"ஆள் போட்டுட்டாங்க. பேச்சே கிடையாது," என்று மூக்கை உறிஞ்சினாள். "என்னைவிட நல்லாப் பண்ணுது."