அக்கா சொன்னது, தம்பிக்கு எழுதியது

1

இந்தக் கதை முதலில் ஒரு மன்னிப்புக் கடிதமாக இருந்தது. நாலு தடவை எழுதினேன். நாலும் தேறவில்லை. படித்தால் என்மேல் எனக்கே நல்ல அபிப்பிராயம் வந்தது. மன்னிப்புக் கேட்கிறவனுக்கு அப்படி வரக்கூடாது. அதனால் கதை என்று பெயர் வைத்துவிட்டேன்.

முதல் வரிக்கு நடந்த முயற்சிகள்:

மசோதா நிறைவேறிய அன்று வானம் இருண்டு—

(பொய். நல்ல வெயில். சட்டசபை வாசலில் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.)

தியாகியின் மகளான அவர்—

(அந்தச் சொல் காதில் விழுந்தால் அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். வேண்டாம்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

அக்கா தையல்காரர். மில்லுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில், முன்னறையில் மெஷின், பின்னறையில் குடித்தனம். எங்கள் கட்சியின் கிளைச் செயலாளர். எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. பகுதியில் எல்லோருக்கும் அவர் அக்கா. உடன்பிறந்த தம்பி ஒருவர் உண்டு, அவர்தான் எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அப்பா போனபோது தம்பிக்கு ஐந்து வயது. அக்காதான் வளர்த்தார், படிக்கவைத்தார், முதல் மேடைக்குச் சட்டை தைத்துக்கொடுத்தார்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கட்சி நோட்டீஸ்களை எழுதுவதும் நான்தான். என்னைப் 'பேனா' என்றே கூப்பிடுவார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. நடந்த தப்புக்கு நீங்கள் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

3

மசோதா இரண்டே பக்கம். உள்ளாட்சித் தேர்தல் பட்டியலில் பேர் சேர்க்கவும் ஓட்டுப் போடவும், சொந்த வீட்டுப் பத்திரமோ பதிவு செய்த வாடகை ஒப்பந்தமோ காட்டவேண்டும். கள்ள ஓட்டைத் தடுக்கவாம். வரிசை வீடுகளில் ஒருவரிடமும் ஒப்பந்தம் கிடையாது. வீட்டுக்காரர்கள் எழுதித் தரமாட்டார்கள்.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சட்டம் இருந்தது. சொத்து வரி கட்டுகிறவருக்குத்தான் நகராட்சி ஓட்டு. எதிர்த்து மில் தொழிலாளர்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்தது. இரண்டு பேர் செத்தார்கள். அடுத்த வருடம் அந்தச் சட்டம் ஒழிந்தது. அக்காவின் அப்பாவுக்கு இடது காதில் லத்தி விழுந்தது. வலது காதும் போகப்போக மந்தமாகிவிட்டது.

புது மசோதாவை எதிர்த்து அக்கா வீடு வீடாக ஏறி ஆயிரத்து நூற்று நாற்பது கையெழுத்து வாங்கினார். நோட்டீஸ் எழுத நான் அவர் முன்னறையில் போய் உட்கார்ந்தேன். பட்டன் தைத்துக்கொண்டே சொன்னார்:

"முதல் ஓட்டு அன்னிக்கு அப்பா வரிசையில நிக்கிறாரு. நான் பக்கத்துல. ஆபீசர் பேரைக் கூப்பிடுறாரு, அப்பாவுக்குக் கேக்கல. மறுபடியும் கூப்பிடுறாரு. நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். 'என்னையா கூப்பிட்டாங்க?'ன்னாரு. அந்த மூஞ்சி கண்ணுலயே நிக்குதுப்பா."

"நோட்டீஸ்ல போடலாமாக்கா?"

"வேணாம். இது எங்க வீட்டு விஷயம். தம்பிக்கே சொன்னதில்ல. சொன்னா மேடைக்கு மேடை பேசித் தேச்சிருவான்."

போடவில்லை. (இதுவரை நான் யோக்கியன்.)

4

பிறகு கட்சித் தலைமை ஆளுங்கட்சியோடு கைகோத்தது. மசோதாவை ஆதரிக்கச் சொல்லி உத்தரவு. தம்பிக்கு மந்திரி பதவி என்று பேச்சு அடிபட்டது. அவர் அச்சகத்துக்கே என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே, சபையில நான் பேசியே ஆகணும். நீங்க எழுதினாத்தான் எடுபடும்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்."

அவர் பேசவில்லை. நான் எழுதினேன். உரை சவசவ என்று இருந்தது. என் கை தானாகப் போய் அந்தச் சம்பவத்தை—

(கை தானாகப் போகாது. நான்தான் எடுத்தேன்.)

காது கேளாமல் வரிசையில் நின்ற ஒரு தகப்பன். அப்படி அடிபட்டு வாங்கிய ஓட்டைக் கள்ள ஓட்டுக்காரன் திருடலாமா? ஆகவே இந்தச் சட்டம் வேண்டும். எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது.

தம்பி படித்தார். "இது நிஜமாண்ணே?"

"நிஜம்தான். உங்கப்பாதான் அது."

அவர் கண் கலங்கிவிட்டது. சொந்த அப்பாவைப் பற்றி அவர் அன்றுதான் தெரிந்துகொண்டார், அதுவும் அப்பாவுக்கு எதிரான ஒரு காகிதத்தில்.

5

தம்பி கடைசி நேரத்தில் மனசு மாறிவிடுவான் என்று அக்கா நம்பினார். கையெழுத்துக் கட்டோடு பார்வையாளர் மாடத்துக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உரையை எழுதியது நான் என்று சொல்லவில்லை.

தம்பி நன்றாகப் பேசினார். 'என்னையா கூப்பிட்டாங்க?' என்ற இடத்தில் சபை அடங்கிப்போனது. அப்புறம் மேஜையைத் தட்டினார்கள்.

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

(முதல் பிரதியில் 'அவர் விழிகளில் அனல்' என்று எழுதியிருந்தேன். அனலும் இல்லை, ஒன்றும் இல்லை. அளவு தப்பி வெட்டிய துணியை, இனி எதற்காவது ஆகுமா என்று பார்ப்பாரே, அப்படி.)

"உங்கிட்டதானேப்பா சொன்னேன்," என்றார். எழுந்து போய்விட்டார். கட்டு இருக்கையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். படியிறங்குவதற்குள் பஸ் போய்விட்டது.

6

தம்பி மந்திரியானார். கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதாக அக்காவைப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அந்த அறிவிப்பு எங்கள் அச்சகத்துக்குத்தான் வந்தது. இரண்டு எழுத்துப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

இங்கே முடிவுக்கு வசதியாகச் சில காட்சிகள் வைத்திருந்தேன். ஒன்றில் அக்கா அச்சகத்துக்கு வந்து என்னை அறைகிறார். அது எனக்கு நிம்மதி. இன்னொன்றில் தம்பி பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு அக்கா காலில்— அதைப் பாதியிலேயே கிழித்துவிட்டேன். மந்திரிகள் அப்படிச் செய்வதில்லை.

நடந்தது, ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். அக்கா என்னை எங்கே பார்த்தாலும் "சாப்டியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

7

உள்ளாட்சித் தேர்தல் பள்ளிக்கூடத்தில் நடந்தது. முற்பகல். வரிசை வழக்கத்தைவிடச் சின்னது. எனக்கு நேர் முன்னால் அக்கா. திரும்பவில்லை.

"பேரு லிஸ்ட்ல இல்லம்மா," என்றார் அதிகாரி.

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு வந்து நின்னீங்க?"

"இல்லைன்னு எழுதிக் குடுங்க."

"அதுக்கெல்லாம் ஃபாரம் கிடையாதும்மா."

"ஃபாரம் வர்ற வரைக்கும் நிக்கிறேன்."

சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டார். கையில் பை இல்லை, கொடி இல்லை. அடுத்தது நான். மாமனார் எழுதிவைத்த வீடு எனக்கு உண்டு. பத்திர நகல் சட்டைப் பையில் இருந்தது. நான் நகராமல் நிற்பதைப் பார்த்து அக்காவே சொன்னார், ஏழு மாதத்துக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் பேச்சு:

"போப்பா. பின்னால ஆளுங்க நிக்கிறாங்கல்ல."

நான் உள்ளே போனேனா, அவரோடு சுவரோரம் நின்றேனா? இரண்டையும் எழுதிப்பார்த்தேன். இரண்டுமே படிக்க நன்றாக இருந்தன. நன்றாக எழுதுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அதனால் யாருக்கு என்ன ஆனது என்று பார்த்துவிட்டீர்கள். இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் அவர் எதையும் நம்பிச் சொல்லவில்லை.