நாற்பத்தெட்டாவது தொட்டி

ஆராய்ச்சிப் பண்ணையின் பசுமைக்குடிலில் நாற்பத்தெட்டுத் தக்காளிச் செடிகள், மூன்று வரிசை. முதல் வரிசைக்கு முழுத் தண்ணீர், இரண்டாவதற்குப் பாதி, மூன்றாவதற்குக் கால் பங்கு. தண்ணீர் குறைந்தால் செடி எப்படி வளர்கிறது, பழம் என்ன ஆகிறது என்று பார்க்கும் சோதனை. தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியையும் தராசில் தூக்கி வைத்து, எடையைப் பதிவேட்டில் எழுதி, தண்ணீர் அளந்து ஊற்ற ஒருவர் இருந்தார். பதினெட்டு வருடமாக அவர் எழுதிய எண்களில் அடித்தல் திருத்தல் கிடையாது. வாசல் காவலாளி அவருக்கு வைத்த பெயர் கிராம்.

“என்ன கிராம் அண்ணே, இன்னிக்கு எத்தனை கிராம் இளைச்சீங்க?”

“ரெண்டு. நீ எடுத்துக்கிட்டே போலிருக்கு, தொப்பை தெரியுது.”

பெரும்பாலான நாட்களில் அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு இதுதான். மூன்று மாதம் என்று சொல்லி, மகளுடைய குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போன மனைவி இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறார். சண்டை எதுவும் இல்லை. குழந்தைக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். இங்கே இவர் ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை சாப்பிடுகிறார். வீட்டின் இன்னொரு நாற்காலியில் மடிக்காத துணி கிடக்கிறது.

மதியச் சாப்பாடு குடிலிலேயே, கதவோர பெஞ்சில். பக்கத்தில் மூன்றாவது வரிசையின் கடைசித் தொட்டி, எண் நாற்பத்தெட்டு. உச்சி வெயிலில் அந்த வரிசை முழுக்க இலை சுருண்டு தொங்கும். பூ உதிரும். தப்பிப் பிடித்த காய்களில் பாதிக்கு அடிப்பக்கம் கறுத்துப்போகும். ஒரு நாள், குடித்து மிச்சமிருந்த பாட்டில் தண்ணீரை யோசிக்காமல் நாற்பத்தெட்டில் சாய்த்துவிட்டார். கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தபோது செடி நிமிர்ந்திருந்தது. அவர் செய்த ஒன்றுக்குப் பதில் என்று எதுவும் கிடைத்து வெகுநாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலை அந்தத் தொட்டி முந்நூறு கிராம் கூடுதலாக இருந்தது. இருக்கவேண்டிய எடையை எழுதினார். ஆறு வாரம் அப்படியே ஊற்றினார், அப்படியே எழுதினார்.

முதல் பறிப்பன்று, சோதனையை நடத்தும் மேடம் வந்தார். வயதில் அவருடைய மகளைவிட ஒன்றிரண்டு மூத்தவர். மூன்றாவது வரிசை நெடுக எலுமிச்சை அளவில் பழம், தடித்த தோல். நாற்பத்தெட்டின் முன்னால் நின்றவர் நகரவில்லை.

“அண்ணா, இதைப் பாத்தீங்களா? ஒரு பழத்துல கூட கறுப்பு இல்ல. கால் பங்கு தண்ணியில இவ்ளோ பெருசா!”

“ம்.”

“என்ன ம்? கொஞ்சம் சிரிங்கண்ணா, காசா பணமா?”

மேடம் ஒரு சொட்டுச் சாற்றைச் சர்க்கரை பார்க்கும் கருவியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். பக்கத்துச் செடியின் பழம் ஏழரை காட்டியிருந்தது. இது நாலு. தண்ணீருக்குக் குறைவில்லாத முதல் வரிசையும் நாலுதான்.

“இனிப்புதான் கம்மி. பரவாயில்ல, அதை அப்புறம் பாத்துக்கலாம். விதையை எடுத்து வைங்க. இனி மூணு வருஷத்துக்கு இதை வச்சுத்தான் நம்ம வேலை. இதை எடை போட உங்களைத் தவிர வேற ஆளை விடமாட்டேன்.”

மூன்று வருடம். தினமும் காலையில் கிளம்பிப் போக ஓர் இடம். அவர் விதை உறையை எடுத்தார். எண் எழுதப் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

“மேடம், அது தண்ணி குடிச்ச செடி.”

“தண்ணி குடிக்காத செடி எங்கண்ணா இருக்கு?”

“நான் ஊத்தினேன். தினமும் மத்தியானம். என் பாட்டில்லேர்ந்து.”

மேடம் பதிவேட்டைப் புரட்டினார். “எடையெல்லாம் சரியா இருக்கே?”

“அது நானா எழுதினது.”

மேடம் நாற்பத்தெட்டின் மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ஏன் இந்தச் செடிக்கு மட்டும்?”

“பெஞ்சுக்குப் பக்கத்துல இருந்துச்சு.”

“மத்த பதினஞ்சுக்கு?”

“இல்ல மேடம். அதுல ஒரு கிராம் கூடத் தப்பில்ல.”

“இதுலயும் ரிஜிஸ்டரைப் பாத்தா தப்பு தெரியலியேண்ணா.”

மேடம் பதிவேட்டில் ஸ்கேல் வைத்து, பக்கம் பக்கமாக, மூன்றாவது வரிசை முழுவதையும் கோடு போட்டு அடித்தார். “இப்பவாவது சொன்னீங்களே,” என்றார் கடைசியில். குரலில் கோபம் கூட இல்லை.

மறுநாள் மூன்றாவது வரிசை இருந்த இடத்தில் தொட்டிகளின் வட்டத் தடங்கள் மட்டும் இருந்தன. மற்ற இரண்டு வரிசைகளையும் இனி மேடமே எடை பார்ப்பார். தூக்கி வைக்க மட்டும் அவர்.

முதல் தொட்டியைத் தூக்கியதுமே கைக்குத் தெரிந்துவிட்டது.

“எட்டு கிலோ நூத்திப் பத்து,” என்றார் பழக்கத்தில்.

மேடம் நிமிரவில்லை. தராசின் எண்கள் ஓடி நிற்கும்வரை காத்திருந்து, குனிந்து பார்த்து, எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று அவர் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. தொட்டியை இறக்கி வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கினார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை.