ஐந்து லிட்டர் தண்ணீர்

கென்யாவிலிருந்து ஓராண்டுத் தன்னார்வப் பணிக்கு வந்திருந்த வாம்புயி ஊர் திரும்ப இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது. அவள் நர்ஸ். குளத்தூர் பக்கத்து ஏழு கிராமங்களில் குழந்தைகளின் ஊட்டச்சத்தைக் கவனிக்கும் ஒரு தொண்டு நிறுவனம் அவளை அழைத்திருந்தது. அவளுக்கு மொழிபெயர்க்கவும், குழந்தைகளை எடை போட்டு அட்டையில் குறிக்கவும் நியமிக்கப்பட்டவள் அன்புமொழி. இரண்டு பேருக்கும் இருபத்து நான்கு வயது.

அன்று வேலாம்பட்டியில் அருணாவின் மகளைத் தராசில் தொங்கவிட்டார்கள். பதினான்கு மாதக் குழந்தை. முள் ஏழு கிலோ நானூறு கிராமில் நின்றது. அட்டையில் பச்சைப் பகுதியின் விளிம்பு; ஆபத்தில்லை என்று பொருள். அன்புமொழி புள்ளி வைக்கப் போனபோது வாம்புயி தடுத்தாள். அளவு நாடாவை எடுத்துக் குழந்தையின் மேல்கையில் சுற்றிப் பார்த்தாள். பதினொரு சென்டிமீட்டர். நாடாவில் அது சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு.

"கை இவ்வளவு மெலிந்த குழந்தைக்கு இந்த எடை வராது," என்றாள் ஆங்கிலத்தில்.

"எட்டு மாதமாக இதே தராசுதான். முள் பூஜ்யத்தில் சரியாகத்தானே நிற்கிறது?"

வாம்புயி எதிர்க் கடைக்குப் போய், ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஐந்து வாங்கி வந்தாள். குழந்தையை இறக்கிவிட்டு, பாட்டில்களைத் துணித் தொட்டிலில் வைத்தார்கள். ஐந்து கிலோ காட்ட வேண்டும். பாட்டிலுக்கு இன்னும் கொஞ்சம் சேரலாம். முள் ஐந்தே முக்காலைத் தாண்டி நின்றது.

ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. பாரம் ஏற ஏற, இல்லாத எடையை அது கூட்டிக் காட்டியிருக்கிறது.

"என்னாச்சு அன்பு?" என்றாள் அருணா, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு.

"தராசு தப்பா காட்டிருக்குக்கா. பாப்பா பச்சையில இல்ல. நான் ஒங்ககிட்ட சொன்னதெல்லாம் தப்பு."

அருணாவின் முகம் இறுகியது. "புள்ள காத்தாட்டம் இருக்குன்னு போன மாசமே சொன்னேன்ல? அட்டையக் காட்டி, வீணா பயப்படாதீங்கன்னு சொன்னது யாரு?" அதற்குமேல் எதையும் கேட்க அவள் நிற்கவில்லை. குழந்தையோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாலையில் திட்ட அலுவலர் மரியசெல்வத்திடம் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ரிப்போர்ட் மேல போயிருச்சும்மா. அடுத்த மாசம் புதுத் தராசு வந்துரும். அப்ப பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தப் புள்ளைங்க தாங்காது சார். எல்லாரையும் திரும்ப எடை போடணும்."

"ஒன் வேலைக்கே சிக்கல் வரும்."

"வரட்டும் சார். அந்தப் புள்ளியெல்லாம் நான் வச்சது."

மறுநாள் காலை கிராம சுகாதார செவிலியர் அழகியிடம் போய் நின்றார்கள். அவர் விவரம் கேட்டுவிட்டு டிஜிட்டல் தராசை எடுத்துக் கொடுத்தார். "தெனமும் காலைல எடுத்துட்டுப் போங்க. சாயங்காலம் என் கைக்கு வந்துரணும்."

வாம்புயி ராமேஸ்வரம் போக வைத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தாள். பஸ்ஸில் அன்புமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, "வேலை முடியட்டும், சேர்ந்து அழலாம்," என்றாள்.

ஏழு ஊர், நூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள், ஆறு நாள். ஒவ்வொரு வீட்டிலும் அன்புமொழி முதலில் தன் தவறைச் சொன்னாள். பிறகுதான் குழந்தையைக் கேட்டாள். சிலர் திட்டினார்கள். சிலர் மோர் கொடுத்தார்கள். முன்பு சிவப்பில் இருந்தவர்கள் இரண்டே பேர். இப்போது பதினொரு பேர்.

அருணா மட்டும் முதல் இரண்டு நாளும் கதவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் அன்புமொழி ஆட்டோவோடு போய் நின்றாள்.

"என்னயத் திட்டுங்கக்கா, கேட்டுக்கிறேன். ஆனா ஆட்டோவுல ஒக்காந்து திட்டுங்க. பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவோம்."

ஜன்னல் வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்த அருணா, ஒரு பையில் துணிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் புதுக்கோட்டை போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் குழந்தை ஆறு கிலோ நானூற்றைம்பது இருந்தது. உடனே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

எடை போட்டு முடிந்த அன்று, நடந்ததை ஒளிக்காமல் தலைமை அலுவலகத்துக்கு அன்புமொழி கடிதம் எழுதினாள். அதை மரியசெல்வத்திடம் நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். ஒரு தேதியைத் திருத்தினார். பிறகு பேனாவைத் திறந்து, அவள் பெயருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

வாம்புயி கிளம்பும் நாளன்று இருவரும் வார்டுக்குப் போனார்கள். குழந்தை அறுநூறு கிராம் ஏறியிருந்தது. கிண்ணத்திலிருந்த சத்துமாவுக் கூழைத் தானே கைவிட்டு அளைந்துகொண்டிருந்தது. அருணா வாம்புயியின் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அன்புமொழி பக்கம் திரும்பி, "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

திருச்சி பஸ்ஸில் வாம்புயியை ஏற்றிவிட்டபோது மணி இரண்டு. இருவருமே அழுதார்கள். பதினொரு பேரில் பத்துப் பேர் சிகிச்சைக்கு வந்துவிட்டார்கள். மலையாண்டி என்பவர் மட்டும் தன் மகனுக்கு ஒன்றுமில்லை என்று இரண்டு முறை விரட்டிவிட்டிருந்தார். அவர் மூன்றரைக்குத்தான் வயலிலிருந்து வீடு திரும்புவார். அன்புமொழி முகம் கழுவிக்கொண்டு அந்த ஊர்ப் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.