இரண்டு நீல மூலைகள்

பெயர் எதுவானாலும் எல்லாரும் அவனைப் 'பதட்டம்' என்றுதான் கூப்பிட்டார்கள், வைத்தது அக்கா. வயது இருபத்திரண்டு. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் வேலை பார்க்கும் குளிர்கிடங்கிலேயே அவனும் சேர்ந்திருந்தான். அன்று இரட்டை ஷிப்ட். வாசலோரம் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கண் அசந்தவனைப் போன் எழுப்பியது.

"மச்சான், பெட்டி அடுக்கு சரிஞ்சு கால்மேல விழுந்துடுச்சு."

"எங்க மாமா இருக்கீங்க?"

"நீல முக்குல. சிவப்புக்கு ஒரு சந்து, பச்சைக்கு ரெண்டு. சீக்கிரம் வாடா, விறைச்சுப் போறேன்..."

போன் அணைந்துபோனது.

உள்ளே எல்லாச் சந்தும் ஒரே அச்சு. எண்பலகைகளை உறைபனி மூடிவிடும். அதனால் சந்துகள் சேரும் ஒவ்வொரு முக்கிலும் ஒரு வண்ண விளக்கு. நிற்கும் இடத்தின் நிறத்தையும், மற்ற நிறங்கள் எத்தனை சந்து தள்ளி என்பதையும் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். விளக்குகளை மாட்டியவன் இவன்தான். அடுத்தடுத்த முக்குகளில் ஒரே நிறம் வரக்கூடாது என்று மேஸ்திரி சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்திருந்தான்.

மேற்கு மூலைக்கு ஓடினான். நீலம் எரிந்தது. இரண்டு பக்கமும் சிவப்பு, அதைத் தாண்டிப் பச்சை. மாமா சொன்ன கணக்கேதான். ஆள்தான் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கிழக்கு மூலையிலும் அதே நீலம், அதே ஒன்று, அதே இரண்டு. பக்கத்தில் நிறம் மோதாமல் பார்த்தவன், தூரத்தில் இரண்டு மூலைக்கு ஒரே அடையாளம் விழுந்ததைப் பார்க்கவில்லை.

விரல்கள் மரத்திருந்தன. போனை வாயருகே வைத்துக் குடும்பக் குழுவில் பேசிப் பதித்தான்: "அக்கா, கிழக்கு மூலைக்கு ஓடு! மாமா பெட்டிக்கு அடியில கிடக்காரு. நான் வேற மூலைல நிக்கிறேன்."

அக்கா மூட்டை கட்டும் இடம் கிழக்கு வாசல்தான். இவன் மூச்சு வாங்கப் போய்ச் சேர்வதற்குள் பெட்டிகளைத் தள்ளி, தன் கோட்டை அவர்மேல் போர்த்தியிருந்தாள்.

"ஒரே மாதிரி ரெண்டு மூலை வச்சிருக்கியே, உனக்கென்ன ரெண்டு மாமாவா?" பல் கிட்டிக்கப் பேசினார் மாமா.

"ஒண்ணுக்கே எனக்கு நாக்குத் தள்ளுது. சும்மா கிடங்க," என்றாள் அக்கா, வீங்கிய காலைத் தடவியபடி.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஷிப்டில், இதே கிடங்கில் வேலை பார்க்கும் சித்தப்பா உள்ளே போக வேண்டும். மறுபடி போனை எடுத்துக் குழுவில் பேசினான்.

"யார் இதைக் கேட்டாலும் சரி, வரும்போது ஒரு மஞ்சள் விளக்கு வாங்கிட்டு வாங்க. கிழக்கு மூலைல மாட்டணும்."